இழைமணிக்குள் ஒரு தனிப் பேரேடு

பரம்பரைக் கணக்கு முழுவதும் உயிரணுவின் உட்கருவில்தான் இருக்கிறது என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1963-ல் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் இருவரும் கோழிக்கருவின் இழைமணிகளுக்குள், அதாவது மைட்டோகாண்ட்ரியாவுக்குள், டி.என்.ஏ. இழைகளைக் கண்டார்கள். 1966-ல் அது வட்டவடிவம் என்று தெரிந்தது. 1981-ல் கேம்பிரிட்ஜில் சாங்கர் ஆய்வுக்கூடத்தார் மனித வட்டத்தை முழுசாகப் படித்துவிட்டார்கள்: 16,569 எழுத்து ஜோடிகள், 37 மரபணுக்கள்.

சின்னக் கடையில் சரக்கு அடுக்கத் தெரிந்தவனுக்கு இதன் அருமை புரியும். மரபணுக்களுக்கு நடுவே இடைவெளி என்பதே ஏறக்குறைய இல்லை. சிலவற்றில் முடிவுக்குறியைக்கூட முழுசாக எழுதவில்லை; ஆர்.என்.ஏ. நகல் எடுத்தபின் ஒட்டும் அடினின் வால்தான் அதை நிறைவாக்குகிறது. இப்படியொரு சிக்கனம்!

37-ல் புரதத்துக்கானவை 13 மட்டுமே. இழைமணிக்கு வேண்டியதோ ஆயிரத்துக்கும் மேல். மிச்சம் உட்கருவிலிருந்து வருகிறது. இழைமணி ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா என்று லின் மார்குலிஸ் 1967-ல் வாதாடினார். இன்று அது ஏற்கப்பட்ட கருத்து. அதன் மரபணுக்களில் பல தொலைந்தன, பல உட்கருவுக்குப் போய்ச் சேர்ந்தன. இந்த 13 மட்டும் ஏன் தங்கின? ஒரு காரணம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உட்கரு 'நிறுத்து' என்று படிக்கும் யு.ஜி.ஏ. குறியை, விலங்குகளின் இழைமணி டிரிப்டோஃபான் என்று படிக்கிறது. 1979-ல் வெளிவந்த சேதி இது. ஏட்டின் பாஷையே மாறிப்போச்சு. அப்புறம் பெரிய கணக்கில் எப்படிப் பெயர்த்தெழுதுவது?

இந்த ஏடு தாய்வழியாகவே வருவது. முதுகெலும்பிகளில் வேகமாகவும் மாறுவது. அதனால்தான் 1987-ல் கேன், ஸ்டோன்கிங், வில்சன் மூவரும் 147 பேரின் ஏடுகளை ஒப்பிட்டு, வேர் சுமார் 2,00,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் என்றார்கள். அவர்கள் சேர்த்த ஆப்பிரிக்க வமிசத்தார் 20 பேரில் 18 பேர் அமெரிக்கர்கள். குறை சொன்னவர்கள் சொன்னது நியாயம்தான். 2000-ல் 53 பேரின் முழு வட்டத்தையும் படித்தபோதும் வேர் ஆப்பிரிக்காவிலேயே நின்றது. 'ஆதித்தாய்' என்று பத்திரிகைகள் வைத்த பேர்தான் குழப்பம். அந்தக் காலத்தில் அவள் ஒருத்தி மட்டும் இருந்தாள் என்று அர்த்தமில்லை. மற்றவர்களின் மகள்வழி எங்கோ அறுந்தது; அவர்கள் ரத்தமும் மகன்கள் வழியாக நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. எச்சில் பரிசோதனைக்குப் பணம் கட்டி, குலப்பழமை தேடுகிற நம்மவர்கள் இதைக் கவனிக்கணும். பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள்; இந்த ஏடு பேசுவது அதில் ஒருத்தியைப் பற்றி.

வட்டமும் 37-ம் எல்லா விலங்குக்கும் பொது என்று எழுதுவதும் சரியில்லை. ஹைட்ராவில் அது நேர்க்கோடு. மனித உடல் பேனில் ஒரே வட்டம் பல சின்ன வட்டங்களாய் உடைந்து கிடப்பது 2009-ல் தெரிந்தது. சால்மன் மீனின் தசையில் ஒட்டுண்ணியாக வாழும் ஹென்னெகுயா என்ற ஜந்து ஆக்சிஜன் சுவாசத்தையே விட்டுவிட்டது. அதனிடம் இந்த ஏடு அடியோடு இல்லை என்று 2020-ல் கண்டார்கள்.