சம்பங்கிக் கிழங்கு வந்த வழி

பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

சம்பங்கியைப் பற்றி என்னிடம் இரண்டு கேள்விகள் அடிக்கடி வரும். பால்கனியிலும் மாடியிலும் தொட்டி வைத்திருப்பவர்கள், "சார், நல்லாத்தான் பூத்துச்சு, இப்ப இலையெல்லாம் பழுத்துப் போச்சு, செடி செத்துருச்சா?" என்று கேட்பார்கள். தமிழ் ஆர்வம் உள்ள பிள்ளைகள், "சார், சம்பங்கி சங்க இலக்கியத்துல எங்க வருது?" என்பார்கள். ஒன்று தோட்டக் கேள்வி, மற்றொன்று இலக்கியக் கேள்வி. நான் வரலாறு நடத்தியவன். எனக்கு இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதாகத் தெரிகிறது. அந்த இடம், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு.

முதலில் இலக்கியக் கேள்வியை முடித்துவிடுவோம். சண்பகம் வேறு, சம்பங்கி வேறு. சண்பகம் மரத்தில் பூப்பது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் அது உண்டு. கல்யாண மாலையில் நாம் பார்க்கும் வெள்ளைச் சம்பங்கிக்கு முழுப்பெயர் நிலச்சம்பங்கி. மரத்தில் ஏறாமல் நிலத்திலிருந்தே தண்டு விட்டுப் பூக்கும் சம்பங்கி என்று பொருள். தெலுங்கிலும் இதே பொருளில் நேல சம்பெங்க என்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்த ஒரு பூவின் பெயருக்கு முன்னால் அடைமொழி போட்டு அழைத்தால், பெரும்பாலும் அது பிறகு வந்த பூ என்று புரிந்துகொள்ளலாம். சீமைக் கருவேலம் மாதிரிதான். சங்கப் புலவர்கள் நிலச்சம்பங்கியைப் பாட வழியே இல்லை. அது அப்போது கடலுக்கு அப்பால், மெக்சிகோவில் இருந்தது.

மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டல் மொழியில் இதற்கு எலும்புப் பூ என்று பொருள்படும் பெயர் இருந்தது. அந்த மெழுகு வெண்மையைப் பார்த்தால் பெயரின் காரணம் புரியும். 1521-இல் ஸ்பானியர்கள் ஆஸ்டெக் தலைநகரைக் கைப்பற்றினார்கள். அதன் பிறகு தங்கமும் வெள்ளியும் போன கப்பல்களில் செடிகொடிகளும் போயின. மிளகாய், தக்காளி, கொய்யா, சீத்தா, நிலக்கடலை, மக்காச்சோளம் எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகத்துக்கு வந்தவைதான் என்று வகுப்பில் சொன்னது நினைவிருக்கும். அந்தப் பட்டியலில் நிலச்சம்பங்கியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பல மாதக் கடல் பயணத்தில் ஒரு பூச்செடி எப்படி உயிரோடு வந்தது? அந்தக் காலக் கப்பலில் மனிதர்கள் குடிக்கவே தண்ணீர் அளந்து கொடுப்பார்கள். உப்புக் காற்று வேறு. வேரோடு பிடுங்கி வைத்த செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே கருகின. செடிகளை உயிரோடு கொண்டுபோக வார்டு என்ற லண்டன் மருத்துவர் கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டி பழக்கத்துக்கு வந்ததே 1830-களில்தான். ஆனால் கிழங்குக்குப் பெட்டி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். காயவைத்து ஒரு சாக்கில் போட்டால் போதும், உறங்கிக்கொண்டே வரும். கரை இறங்கி மண்ணும் ஈரமும் கிடைத்ததும் கண் விழிக்கும். கிழங்குச் செடிகள் உலகம் சுற்றியதற்குக் காரணம் இந்த உறக்கம்தான்.

அப்படி ஸ்பெயினில் இறங்கிய சம்பங்கியை 1601-இல் வெளிவந்த தன் தாவர நூலில் குளூசியஸ் என்ற அறிஞர் எழுதி வைத்தார். லத்தீனில் அவர் கொடுத்த பெயருக்கு, கிழங்கு வேர் கொண்ட இந்திய ஹையசிந்த் என்று பொருள். அமெரிக்காவை இந்தியத் தீவுகள் என்றே ஐரோப்பியர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நம் மண்ணைப் பார்க்காத பூவுக்கு இந்தியப் பெயர் விழுந்தது இப்படித்தான். 1753-இல் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரிலும் 'டியூபரோசா', அதாவது கிழங்குடையது என்ற சொல் நின்றது. ஆங்கிலத்தில் டியூப்ரோஸ் என்கிறார்களே, அதற்கும் ரோஜாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டியூபரோசா என்பதுதான் திரிந்து அப்படி ஆகிவிட்டது.

இதே குளூசியஸ் 1593-இல் ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்தவர். துருக்கியிலிருந்து வந்த டியூலிப் கிழங்குகளை அங்கே வளர்த்தார். ஒரு தலைமுறைக்குள் அந்த நாட்டையே டியூலிப் பைத்தியம் பிடித்தது. கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் குளிர்காலத்தில், பூவைக் கண்ணால் பார்க்காமலேயே கைமாற்றிக் கைமாற்றி விலை ஏற்றினார்கள். டச்சுக்காரர்களே அதைக் காற்று வியாபாரம் என்றார்கள். 1637 பிப்ரவரியில் வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. அதே ஹாலந்தில், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45-இல், ஜெர்மன் முற்றுகையால் பஞ்சம் வந்தபோது மக்கள் டியூலிப் கிழங்கை அவித்துத் தின்று உயிர் பிழைத்தார்கள். கிழங்கு என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. செடி தன் அடுத்த பருவத்துக்காகச் சேர்த்து வைத்த சாப்பாட்டு மூட்டை அது.

சம்பங்கிக்கு வருவோம். பிரான்சில் பதினான்காம் லூயி மன்னர் தன் திரியானோன் மாளிகைத் தோட்டத்தில் இதை ஏராளமாக வளர்த்தார். மணம் தாங்க முடியாமல் எல்லோரும் தோட்டத்தைவிட்டு வெளியேறியதை அந்த அரசவையில் இருந்த சான் சிமோன் பிரபு எழுதி வைத்திருக்கிறார். கிழக்கே, இந்தோனேசியாவின் ஆம்பன் தீவில், டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்த ரம்ஃபியஸ் என்பவர் அந்தத் தீவுகளின் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். 1670-இல் அவருக்குக் கண் பார்வை போனது. அப்படியும் விடாமல் பிறரைக் கொண்டு எழுதி முடித்தார். அந்த நூலில் சம்பங்கிக்கு அவர் தந்த பெயரின் பொருள், இரவுத் தோழி. வங்காளத்திலும் இந்தியிலும் ரஜனிகந்தா, அதாவது இரவில் மணப்பது. மலாயில் செடாப் மாலம், இரவின் இனிமை. ஊருக்கு ஊர் இரவைச் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். பறித்த பிறகும் இந்தப் பூ மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரி ரிசப்ஷனில் மாலை மணப்பதற்குக் காரணம் இதுதான்.

2017-இல் தாவரவியலாளர்கள் மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் இதைக் கற்றாழைப் பேரினமான அகேவில் சேர்த்து, அகேவ் அமிகா என்று பெயர் மாற்றினார்கள். அமிகா என்றால் தோழி. ரம்ஃபியஸ் வைத்த பெயர் ஏறத்தாழ 300 ஆண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. ரயில் பாதை ஓரத்தில் முள்ளோடு நிற்கும் நார்க்கற்றாழைக்கும் மணமேடை மாலைக்கும் ஒரே குடும்பம் என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும்.

மதுரை என்றாலே மல்லி. 2013-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் மல்லி தலைக்கு, சம்பங்கி மாலைக்கு. மாட்டுத்தாவணி, நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுகளில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள், மூட்டை மூட்டையாக இறங்கும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பிரஜ்வல் ரகம் பலருக்கும் தெரிந்திருக்கும். அதன் பெற்றோரில் ஒன்றின் பெயர் மெக்சிகன் சிங்கிள். பூர்வீகம் இன்னும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பூ விவசாயியின் பாட்டை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகூர்த்த நாளில் ஏறும் விலை, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாதபோது இறங்கும். பூவைக் கட்டி வைத்துக் காத்திருக்க முடியாது. மறுநாள் அது குப்பை. 2020 ஊரடங்கில் கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை. பறித்தால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று வயலிலேயே விட்டார்கள். அன்று பூ போயிற்று, வருமானம் போயிற்று. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருந்தது. ஒருமுறை நட்ட சம்பங்கி வயலில் மூன்று ஆண்டு வரை நிற்கும். சந்தை மறுபடி திறந்தபோது புதிதாக நடக் காசு தேடாமல் சிலரால் எழ முடிந்தது அதனால்தான்.

வந்த பூவின் பெருமையையே பேசி நம் பூவை விட்டுவிடக் கூடாது. கபிலரின் பட்டியலில் முதலில் நிற்பது செங்காந்தள், அடுத்தது ஆம்பல். இரண்டும் கிழங்குச் செடிகள். செங்காந்தள் இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். மழைக்கு முளைத்து, பூத்து, காய்த்து, கோடையில் மேலே ஒரு அடையாளமும் இல்லாமல் போய்விடும். கலப்பை வடிவக் கிழங்கு மட்டும் மண்ணில் கிடக்கும். அதனால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். எங்கள் கீழக்குயில்குடியில் சமணமலை அடிவாரத்துத் தாமரைக்குளத்தைப் பார்க்க வருகிறவர்கள் பூத்திருக்கும்போது மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். தண்ணீர் வற்றினாலும் சேற்றுக்குள் தாமரைக் கிழங்கு உயிரோடு காத்திருக்கும்.

இப்போது முதல் கேள்விக்கு விடை. இலை பழுத்தால் செடி சாகவில்லை, உறங்கப் போகிறது. அந்த நேரத்தில் பதறிப்போய்த் தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் கிழங்கை அழுக வைக்கிறது. தொட்டியில் வளர்ப்பவர்கள் இவற்றைக் கவனித்தால் போதும்.

ஒன்று. 10 அல்லது 12 அங்குலத் தொட்டி, அடியில் ஓட்டை கட்டாயம். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்து, மூன்று நான்கு கிழங்குகளை இரண்டு விரற்கடை ஆழத்தில் நடுங்கள். முனை மேலே பார்க்கட்டும்.

இரண்டு. வீட்டுக்குள் வளர்ப்பது என்றாலும் வெயில் வேண்டும். ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் பால்கனியோ கிழக்கு ஜன்னலோ நல்லது. பூக்கும்போது ஹாலுக்குக் கொண்டுவரலாம். மூடிய படுக்கையறை வேண்டாம், மணம் சிலருக்குத் தலைவலி தரும்.

மூன்று. மேல் மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். நட்டு மூன்று மாதத்தில் தண்டு எதிர்பார்க்கலாம்.

நான்கு. பூ முடிந்ததும் தண்டை மட்டும் வெட்டுங்கள். பச்சை இலையை வெட்டாதீர்கள். அடுத்த பருவத்துக்குக் கிழங்கில் சோறு சேர்ப்பது அந்த இலைதான். தானாகப் பழுக்கும்போது தண்ணீரைக் குறைத்து நிறுத்துங்கள்.

ஐந்து. கிழங்கைத் தோண்டி, நிழலில் ஒரு மாதம் உலர விட்டு மறுபடி நடுங்கள். பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது, பக்கத்தில் விட்ட குட்டிக் கிழங்குகள்தான் பூக்கும். வாழையடி வாழை என்பது சம்பங்கிக்கும் பொருந்தும்.

ஆன்லைனில் டியூலிப் கிழங்கு வாங்கி ஏமாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டியூலிப்பின் உறக்கத்துக்குக் குளிர் வேண்டும், குறைந்தது 12 வாரம். ஸ்ரீநகரில் அது தானாகக் கிடைக்கிறது. மதுரையில் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் ஏமாற்ற வேண்டும், அதுவும் பழங்களோடு சேர்க்காமல். அந்தப் பாடு வேண்டாம் என்றால் மழை லில்லி வையுங்கள். காயவிட்டு, பிறகு நன்றாக நனைத்தால் பூத்துவிடும்.

கடைசியாக, பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு. செங்காந்தள் கிழங்கில் கோல்ச்சிசின் என்ற கடும் விஷம் இருக்கிறது. உண்ணும் கிழங்கு என்று தவறாக நினைத்துத் தின்று இலங்கையில் உயிர்கள் போயிருக்கின்றன. லில்லி வகைக் கிழங்குகளும் பார்வைக்கு வெங்காயம் போலவே இருக்கும். உலர வைக்கும் கிழங்குகளைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உறையில் போட்டு, பெயர் எழுதி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இந்தக் கோடையில் உங்கள் வீட்டுத் தொட்டி வெறும் மண்ணாகத் தெரிந்தால் குப்பையில் கொட்டிவிட வேண்டாம். விரலால் கொஞ்சம் கிளறி, கிழங்கைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அப்படியே மூடிவிடுங்கள். ஆடியில் தண்ணீர் காட்டினால் போதும்.