கயிறு திரித்த கதை

யாராவது பொய் சொன்னால் "நல்லா கயிறு திரிக்கிறான்" என்போம். இந்தக் கட்டுரை நிஜமாகவே கயிறு திரிப்பதைப் பற்றியது. (பொய் கலக்கவில்லை!)

எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கம் அந்தக் காலத்தில் இதை யாரும் வகுப்பில் உட்கார்ந்து கற்றதில்லை. அறுவடைக் களத்தில் ஒருவர் வைக்கோலைக் கொடுத்துக்கொண்டே இருப்பார், இன்னொருவர் குச்சியில் மாட்டி முறுக்கிக்கொண்டே பின்னால் நடப்பார். கட்டுக் கட்டப் பிரி தயார்! மாட்டுக்குத் தலைக்கயிறு, மூக்கணாங்கயிறு, ஏருக்குப் பூட்டாங்கயிறு, கமலைக்கு வடம் என்று கயிறு இல்லாமல் ஒரு நாள் விவசாயமும் நடக்காது. தேங்காய் நார், சணப்பு, புளிச்சை, கற்றாழை என்று நாருக்கும் பஞ்சமில்லை. மாட்டுப் பொங்கலன்று புதுக் கயிறு மாற்றுவது இன்றும் வழக்கம். கயிறு மட்டும் இப்போது பெரும்பாலும் நைலான்!

ஒரத்தநாட்டில் முத்தம்மாள் சத்திரம் இருக்கிறது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியது. அங்கே சோறும் போட்டார்கள், பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் கயிறு திரிப்பதை யாரும் பாடமாக நினைத்திருக்க மாட்டார்கள். அப்பாவோடு களத்துக்குப் போனால் தானாக வந்துவிடும் வேலை அல்லவா?

சரி, கயிறு எப்படிப் பிரியாமல் நிற்கிறது? நாரை ஒரு பக்கமாக முறுக்கினால் பிரி. அப்படி இரண்டு பிரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். பிரி அவிழப் பார்க்கும், அவிழ அவிழ ஒன்றையொன்று இறுக்கும். பசை இல்லை, முடிச்சு இல்லை. இவ்வளவுதான் சூத்திரம்!

தென்னைக்கு வருவோம். 1934-இல் மேட்டூர் அணையோடு கல்லணைக் கால்வாயும் வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது "புது ஆறு". அதுவரை ஏரியையும் மழையையும் நம்பியிருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி நிலங்களுக்குக் காவிரித் தண்ணீர் கிடைத்தது. கால்வாயோடு பிறகு பம்புசெட்டும் சேர்ந்துகொள்ள, தென்னந்தோப்புகள் பெருகின. தேங்காய் பெருகினால் மட்டையும் பெருகும்தானே!

மட்டையைக் காசாக்குவதில் கேரளம் நமக்கு முன்னோடி. 1859-இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் கயிற்றுப் பாய்த் தொழிற்சாலை தொடங்கினார். அங்கே காயலில் மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டு வெள்ளை நார் எடுப்பார்கள். நமக்கு அப்படிக் காயல் கிடையாது. காய்ந்த மட்டையை இயந்திரத்தில் அடித்துப் பழுப்பு நார் எடுக்கிறோம். ஒரு வேடிக்கை பாருங்கள்: மலையாளத்துக் 'கயர்' ஆங்கிலத்துக்குப் போய், "காயர் போர்டு" என்று நம்மிடமே திரும்பி வந்தது. நம்மிடம் 'கயிறு' இருந்தும்!

அந்தக் காயர் போர்டு 1953-ஆம் வருடச் சட்டத்தால் உருவானது. 1994-இல் "மகிளா காயர் யோஜனா" என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெண்களுக்கு இரண்டு மாதம் கயிறு திரிக்கப் பயிற்சி, பிறகு ராட்டை வாங்க 75 சதவீதம் மானியம் என்று கொடுத்தார்கள். தஞ்சாவூருக்கு அருகில் பிள்ளையார்பட்டியில் போர்டின் விரிவாக்க மையம் இருக்கிறது.

பழைய ராட்டைக்கு ஒருவர் சக்கரம் சுற்ற வேண்டும், இரண்டு பேர் இடுப்பில் நாரைக் கட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். நீளமான நிழல் வேறு வேண்டும். மோட்டார் ராட்டையை ஒருவரே இயக்கலாம். வேலை வேகமாக நடக்கும், கால் வலியும் குறைவு. களத்தில் கூலியில்லாமல் செய்த வேலை, பெண்கள் கையில் சம்பாத்தியமாக மாறியது இங்கேதான். எனக்கு இதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான இடமாகப் படுகிறது. ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் வேண்டுமே! 2012 வாக்கில் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. திரித்த நீளத்துக்குக் கூலி வாங்குபவருக்கு அந்த மணிகள் என்ன ஆகும்? பயிற்சி கொடுப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

கரண்டாவது திரும்பி வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலில் தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது. மரம் விழுந்தால் தோப்புக்காரருக்கு நஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். நிவாரணத்தையும் மரத்துக்கு இவ்வளவு என்றுதான் எண்ணினார்கள். மட்டை உரிப்பவர், நார் அடிப்பவர், ராட்டையில் நிற்கும் பெண் ஆகியோரிடம் எண்ணிக் காட்ட மரமே கிடையாது. நெட்டைத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகும். 2019-இல் நட்டவர்களுக்கு இப்போதுதான் ஒழுங்காக மட்டை விழத் தொடங்கியிருக்கும்.