வெக்கை நோய் ஒழிப்பும் மேய்ச்சற் குடிகளும்

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுகூடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மாடுகளைக் கொன்றழித்த வெக்கை நோய் ஒழிக்கப்பட்ட வரலாறு, இந்நோக்கின் போதாமையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

1880களின் பிற்பகுதியில் இத்தாலியரின் படையெடுப்போடு எரித்திரியாவை அடைந்த இவ்வைரசு நோய், பத்தாண்டுக்குள் தென்னாபிரிக்காவரை பரவியது. பல பகுதிகளில் பத்து மாடுகளில் எட்டுக்கு மேல் மடிந்தன. உழவெருதுகளை இழந்த எதியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை கொடும் பஞ்சம் நிலவியது. மந்தைகளோடு, குடியேற்ற ஆட்சியை எதிர்க்கும் வலுவையும் ஆபிரிக்க மக்கள் பலர் இழந்தனர்.

1896இல் கிம்பர்லிக்கு வந்த றொபேட் கொக், நோயுற்ற மாட்டின் பித்தநீரைச் செலுத்தி நிர்ப்பீடனம் உண்டாக்க முயன்றார். அம்முறையே சில வேளைகளில் நோயை உண்டாக்கியது. 1920களில் இந்தியாவின் முக்தேசுவரில் எட்வேட்ஸ் என்பார், வைரசை ஆட்டுக்கு ஆடு மாற்றிச் செலுத்தி அதன் வீரியத்தைத் தணித்தார். எனினும் அத்தடைப்பால் சில மாட்டினங்களுக்குக் கடுமையாயிருந்தது. கென்யாவின் முகுகாவில் வோல்ற்றர் பிளௌறைற் குழுவினர், கன்றின் சிறுநீரகக் கலங்களில் வைரசை ஏறத்தாழ 90 தடவை வளர்த்து, 1960 அளவில் பாதுகாப்பான, மலிவான தடைப்பாலை உருவாக்கினர். ஒருமுறை ஏற்றினாலே நீடித்த பாதுகாப்பு கிட்டியது.

ஆயினும் நோய் ஒழியவில்லை. 1962இல் தொடங்கி 1976வரை ஆபிரிக்காவில் நடைபெற்ற கூட்டு இயக்கத்தால் பெரிதும் ஒடுங்கிய அது, 1980களில் மீண்டும் பரவியது. நெடுங்காலம் நோயற்றிருந்த இலங்கையிலும் 1987இல் புகுந்தது. ஆபிரிக்காவில் நோய் எஞ்சியிருந்த இடங்கள் வீதியும் மின்சாரமும் எட்டாதவை. சில, போர் நிகழ்ந்த நிலங்கள். குளிரூட்டியில் வைக்கவேண்டிய மருந்து அங்கே சென்றடையவில்லை.

1990 அளவில் ஜெப்றி மறைனரும் உடன் ஆய்வாளரும் உலர்த்தும் முறையைச் சீர்திருத்தி, குளிரூட்டியின்றி ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும் தடைப்பாலை ஆக்கினர். அதனைத் தென் சூடானிலும் எதியோப்பியாவின் அபார் பிரதேசத்திலும் ஏற்றியோர், மேய்ச்சற் குடிகளிடையே தெரிவுசெய்து பயிற்றப்பட்டவர்களே. நோய்க்குறிகளை அறிந்து அதற்குத் தம் மொழியிற் பெயரும் இட்டிருந்த அம்மக்களின் அறிவு, நோய் ஒளிந்திருந்த இடங்களைக் கண்டறிய உதவியது. 2001இல் கென்யக் காட்டெருமைகளில் இறுதியாகக் காணப்பட்ட நோய், 2011இல் உலகினின்றும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

பிளௌறைற் ஆக்கிய அதே வைரசு வகையே இறுதிவரை பயன்பட்டது. அதனை மக்கள் கையிற் சேர்ப்பதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. இவ்வைரசுக்கு உறவான ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் ஒழிக்கும் உலகத் திட்டமும், மந்தை வளர்ப்போரை வெறும் பயனாளராகக் கருதுமாயின், அத்தாமதத்தையே மீண்டும் சந்திக்க நேரும்.