பிரம்பும் பிடிசோறும்

பள்ளிக்குப் பிந்தி வருபவனை என்ன செய்வது? ஆசிரியத் தொழில் எவ்வளவு பழையதோ, அவ்வளவு பழைய கேள்வி இது. இருநூறு ஆண்டுகளுக்கு முன், சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்லாரி மாவட்டத்துத் திண்ணைப் பள்ளிகள் கண்ட விடை ஆவணத்திலே பதிந்திருக்கிறது.

மாகாணத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர் என்று 1822ஆம் ஆண்டு கணக்குக் கேட்டார் ஆளுநர் தாமஸ் மன்றோ. பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823 ஆகஸ்டில் விடை எழுதினார். காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் நுழையும் சிறுவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும்; அது பெருமை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுன்னம். அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அடுத்தடுத்து வருபவனுக்கு ஒவ்வோர் அடி கூடும்.

இந்தக் கணக்கைச் சற்றே நீட்டிப் பாருங்கள், தோழர்களே! பெல்லாரியில் பள்ளிக்குச் சராசரி பன்னிரண்டு பிள்ளைகள். பன்னிரண்டாமவன் முதுகிலே பத்து அடி! பன்னிருவரும் கோழி கூவுமுன் எழுந்து, குறித்த நேரத்துக்கு முன்பே ஓடோடி வந்தாலும், பத்துப் பேருக்கு அடி தப்பாது. ஒருவன் முந்தினால் மற்றவன் பிந்தித்தானே ஆகவேண்டும்? நேரந்தவறியதற்குத் தண்டனையா இது? கலைமகள் பெயர் ஒரு கையிலே, பிரம்பின் தழும்பு பத்து மேனியிலே! இதற்குப் பெயர் குருகுலப் பெருமை என்று இன்றும் மேடையேறிப் பேசுவோர் உளர்.

சோம்பியிருந்தவனை இரு கைகளையும் கட்டிக் கூரையிலே தொங்கவிட்டதையும், ஓயாமல் மண்டியிட்டு எழச் செய்ததையும் கேம்பெல் எழுதுகிறார். பின்னது வேதனை மிக்கதேயாயினும் உடலுக்கு நல்லதாக இருக்கக்கூடும் என்பது துரைமகனாரின் கருத்து!

ஆனால் அதே அறிக்கையில் அவர் இன்னொன்றையும் கண்டார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். மாவட்ட மக்கள்தொகை 9,27,857. பள்ளிகள் 533. படிப்போர் 6,641, அவர்களிலே பெண்கள் வெறும் 60. மற்றப் பிள்ளைகள் எங்கே? நாடு வறுமைப்பட்டுவிட்டது, இங்கிலாந்தின் துணி வந்து இந்த நாட்டு நெசவை விழுங்கிவிட்டது, நடுத்தர மக்களும் ஏழை மக்களும் படிப்புச் செலவைத் தாங்கமாட்டாதவராகிவிட்டனர், பிஞ்சுக் கைகள் சிறு வேலையேனும் செய்யும் வலிவு பெற்ற அன்றே, அவற்றின் உழைப்பு வீட்டுக்குத் தேவைப்பட்டுவிடுகிறது என்று எழுதினார். பிந்தி வந்தவனுக்கு அடி எண்ணிக் கொடுத்தார்கள். வரவே முடியாதவன் எண்ணிக்கையிலேயே இல்லை.

இங்கிலாந்து தன் பிள்ளைகள் பத்து வயதுவரை பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்று 1880இல் சட்டம் செய்தது. வராத பிள்ளையைத் தேடி அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டினார். இந்தியாவிலும் அதற்கு வழி திறக்க, 1911இல் கோகலே ஒரு மசோதா கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு வாக்கெடுப்பிலே ஆதரவு 13, எதிர்ப்பு 38. மசோதா மாண்டது.

1920ஆம் ஆண்டு சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்விக்கு வழிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், சென்னை மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் வேறொரு வழியைக் காட்டினார். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே படிப்போர் ஏழைகள்; பட்டினியால் பள்ளி மெலிகிறது; ஆகவே நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மிகாமல் பகலுணவு தருவோம் என்றார். மன்றம் ஏற்றது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு உணவு சென்றது. ஐந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811 பேர். 1924-25இல் 1,671 பேர்! ஒரு பிள்ளையையும் கூரையிலே தொங்கவிடவில்லை. ஓரணாச் சோறு இரண்டே ஆண்டுகளில் கூட்டத்தை இரட்டிப்பாக்கியது. 1925இல் ஆங்கில அரசு அதை நிறுத்தியது. தொடக்கக் கல்விச் சட்டப்படி சோற்றுக்குப் பணம் செலவிட இடமில்லையாம்! பிள்ளையைக் கட்டாயப்படுத்த இடமிருந்த சட்டத்திலே, அவன் பசியைத் தணிக்க இடமில்லை.

பிறகு வந்தது 1953. இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சர். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே படிப்பு. மிச்ச நேரம் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றார். ஒரே கட்டடத்தில் இரு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம் என்று காரணமும் சொல்லப்பட்டது. கேம்பெல் கண்ட வறுமை பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுத்தது. ஆச்சாரியார் ஆட்சியோ, அரைநாள் அவனை அரசாணையால் வெளியே அனுப்பியது. அதுவரை வராமை குற்றம். அன்று முதல் அரைநாள் வராமையே விதி! நாடே கொதித்தது. 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் பதவி விலகினார். மே மாதத்திலே காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் எட்டயபுரத்திலே மதிய உணவைத் தொடங்கிவைத்தார். கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊரூராகச் சென்று பொதுமக்களின் நன்கொடையைத் திரட்டினார். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவாக விரித்தது.

மாணவனை அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆயினும் பிந்தியவனை வாயிலிலே நிறுத்திவைக்கும் பழக்கம் பல பள்ளிகளில் இன்னும் சாகவில்லை. என் வகுப்பின் வருகையை இப்போது கைப்பேசிச் செயலியிலே பதிகிறேன். வந்தான், வரவில்லை என்று குறிக்கிறேன். தம்பியைத் தூக்கி வைத்திருந்தாள், அம்மாவோடு களை பறிக்கப் போனாள் என்ற செய்தி மறுநாள் அவள் வாயிலிருந்துதான் வருகிறது.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. எங்கள் பள்ளியில் முதல் மணிக்கு முன்பே பரிமாறிவிடுகிறார்கள். முன்பெல்லாம் முதல் பாடம் பாதி முடிந்த பின் தலைகாட்டிய சிறுவர் சிலர், இப்போது எனக்கு முன்பே வந்து, தட்டும் கையுமாய்த் திண்ணையிலே உட்கார்ந்திருக்கிறார்கள். கிச்சடியா, பொங்கலா என்று என்னைக் கேட்கிறார்கள்.