ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தால் என்னென்ன பார்க்கலாம்? (இங்கிலாந்து ஆக்ஸ்ஃபோர்டு இல்லீங்க)

ஊரில் யாராவது "தம்பி எங்கே படிக்கிறே?" என்று கேட்டால் "ஆக்ஸ்ஃபோர்டு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். கேட்டவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். அதை இரண்டு விநாடி அனுபவித்துவிட்டு, "அமெரிக்காவுல, மிசிசிப்பி மாநிலத்துல இருக்கிற ஆக்ஸ்ஃபோர்டு" என்பேன். வந்த மரியாதை வந்த வழியே போய்விடும் :-)

இந்தப் பித்தலாட்டத்தை நான் மட்டும் செய்யவில்லை. இந்த ஊர் பிறந்ததே இப்படித்தான். சிக்காசா பழங்குடியினரிடமிருந்து 1832 ஒப்பந்தத்தில் பறித்த பூமி இது. ஊர் இருக்கும் இடம் ஹோகா என்ற சிக்காசா பெண்ணிடம் வாங்கியது. 1837-ல் ஊருக்குப் பெயர் வைக்கும்போது, "ஆக்ஸ்ஃபோர்டு என்று வைத்தால் மாநிலப் பல்கலைக்கழகம் நமக்கே கிடைக்கும்" என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு பலித்தது. 1841-ல் சட்டமன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. 1848-ல் எண்பது மாணவர்களோடு வகுப்புகள் ஆரம்பம்.

அட்லாண்டா, டாலஸ் பக்கம் இருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பார்கள், "உன் ஊருக்கு வந்தா என்னடா பாக்கலாம்?" என்று. "ஒண்ணுமில்ல மச்சி, ஃபுட்பால் சீசன்ல வா, க்ரோவ் மரத்தடியில கூடாரம் போட்டு சாப்பிடுவாங்க, வேடிக்கை பாக்கலாம்" என்பதுதான் என் வழக்கமான பதில். போன மார்ச் மாதம் அப்பா வந்துவிட்டுப் போன பிறகு பதில் மாறிவிட்டது. அதுதான் இந்தப் பதிவு.

அப்பா முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். மெம்ஃபிஸ் விமான நிலையத்திலிருந்து தெற்கே சுமார் எண்பது மைல் ஓட்டிக்கொண்டு வரும்போது, நயாகரா, நியூயார்க் என்று நான் போட்டு வைத்திருந்த திட்டத்தைச் சொன்னேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீ தினமும் நடக்கிற வழியை மொதல்ல காட்டு" என்றார்.

ஊர்ச் சதுக்கம்

நடுவில் வெள்ளை நிற நீதிமன்றம், சுற்றிலும் கடைகள். உள்நாட்டுப் போரில் 1864 ஆகஸ்டில் வடக்குப் படை இந்தச் சதுக்கத்தைக் கொளுத்தியது. இப்போது இருக்கும் நீதிமன்றம் அதற்குப் பிறகு கட்டியது. எதிரே 1979-ல் தொடங்கிய ஸ்கொயர் புக்ஸ் என்ற புத்தகக் கடை. மாடி பால்கனியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே ஊரைப் பார்க்கலாம். சதுக்கத்தைச் சுற்றி இங்கிலாந்து ஸ்டைலில் சிவப்பு டபுள் டெக்கர் பஸ் வேறு. (பெயரை வைத்தாச்சு, பஸ்ஸையும் விடுவானேன்!)

நீதிமன்றத்தின் முன்னால் உயரமான ஒரு சிப்பாய் சிலை. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் சிப்பாய். அப்பா கீழே இருந்த வருஷத்தைப் படித்தார்: 1907. "சண்டை முடிஞ்சது 1865-ல. நாப்பத்திரண்டு வருஷம் கழிச்சு எதுக்குடா சிலை?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு தேடிப் படித்தேன். தெற்கில் இந்தச் சிலைகளில் பெரும்பாலானவை போர் முடிந்த உடனே வைத்தவை அல்ல. கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைப் பறித்து, எல்லாவற்றிலும் தனி வரிசை, தனி வாசல் என்று சட்டம் போட்ட காலத்தில் வைத்தவை. இந்தச் சிலை வந்து ஒரே வருஷத்தில், 1908 செப்டம்பரில், நெல்ஸ் பேட்டன் என்ற கறுப்பினக் கைதியை ஒரு கும்பல் சிறையை உடைத்து இழுத்துக் கொன்று, சதுக்கத்தில் தொங்கவிட்டது. இந்தச் சதுக்கத்தில்தான் நான் ஐஸ்கிரீம் சாப்பிடுவேன். 2020-ல் சிலையை எடுக்கச் சொல்லி ஊர்வலம் நடந்தது. மாவட்ட நிர்வாகிகள் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள்.

லைசியமும் ஒரு மனிதரும்

பல்கலைக்கழகத்தின் முகம் லைசியம் என்ற 1848-ஆம் வருஷத்துக் கட்டிடம். ஆறு வெள்ளைத் தூண்கள். கட்டியதில் அடிமைகளின் உழைப்பு உண்டு என்று 2018-ல் வைத்த பலகை சொல்கிறது. பல்கலைக்கழகத்தின் செல்லப் பெயரான 'ஓல் மிஸ்' கூட, தோட்ட முதலாளியின் மனைவியை அடிமைகள் அழைத்த சொல்லிலிருந்து வந்தது.

லைசியத்துக்கும் நூலகத்துக்கும் நடுவே ஒரு வாசல். அதை நோக்கி நடந்து போகும் மனிதரின் வெண்கலச் சிலை. அப்பா கேட்டார், "இது யாருப்பா?"

மக்களே, இரண்டு வருஷமாக நான் தினமும் இந்தச் சிலையைத் தாண்டித்தான் நூலகம் போகிறேன். "யாரோ பழைய மாணவராம்பா" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தைப் படிக்கப் போனார். பரீட்சையில் ஃபெயிலான மாதிரி இருந்தது.

அவர் ஜேம்ஸ் மெரிடித். 1933-ல் இதே மாநிலத்தில் பிறந்தவர், விமானப் படையில் ஒன்பது வருஷம் இருந்தவர். கறுப்பினத்தவர் ஒருவரைக்கூட சேர்த்திராத இந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1961 ஜனவரியில், கென்னடி பதவியேற்ற மறுநாள், விண்ணப்பம் அனுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு அவர் பக்கம். ஆளுநர் ராஸ் பார்னெட் தானே வந்து வழிமறித்தார். 1962 செப்டம்பர் 30 இரவு, கென்னடி தொலைக்காட்சியில் அமைதி காக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்க, லைசியத்தின் முன்னால் கல், பாட்டில், துப்பாக்கிக் குண்டு எல்லாம் பறந்தன. காவலுக்கு வந்த 160 மத்திய மார்ஷல்கள் காயப்பட்டார்கள். அதில் 28 பேருக்குக் குண்டுக் காயம். இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் பிரெஞ்சு நிருபர் பால் கிஹார், இன்னொருவர் வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர்க்காரர் ரே கன்டர். கொன்றது யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

மறுநாள் காலை, கண்ணீர்ப் புகை வாசனை போகும் முன்பே மெரிடித் இதே லைசியத்துக்குள் போய்ப் பெயரைப் பதிந்தார். 1963 ஆகஸ்டில் பட்டம் வாங்கும் வரை மார்ஷல்கள் கூடவே நடந்தார்கள். சிலை வைத்தது 2006-ல். 2014-ல் அதன் கழுத்தில் மாணவர்கள் தூக்குக் கயிறு மாட்டினார்கள். ஒருவனுக்கு 2015-ல் ஆறு மாதம் சிறை. 1906-ல் வளாகத்தில் வைத்த சிப்பாய் சிலையை 2020 ஜூலையில் போர் வீரர்களின் கல்லறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள்.

சேர்க்கைக்காக நான் பட்ட கஷ்டமெல்லாம் ஜி.ஆர்.இ.யும் விசா நேர்காணலும்தான். அதற்கே ஊரைக் கூட்டிப் புலம்பியிருக்கிறேன்.

ஃபாக்னர் வீடு

எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரின் 'ரோவன் ஓக்' வீடு நடந்து போகும் தூரம்தான் (திங்கட்கிழமை மூடியிருக்கும், ஏமாறாதீங்க). பல்கலைக்கழகத் தபால் நிலையத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்து, வந்த பத்திரிகைகளைத் தானே படித்துக்கொண்டு, சீட்டாடி, 1924-ல் வேலையை விட்டவர். 1949-க்கான நோபல் பரிசு வாங்கினார். அவர் படிப்பறைச் சுவரில் 'எ ஃபேபிள்' நாவலின் கதைச் சுருக்கத்தைக் கிழமை வாரியாகத் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். வீட்டில் ஏ.சி. வைக்க அவர் சம்மதிக்கவே இல்லையாம். அடக்கம் முடிந்த மறுநாள் மனைவி வைத்தாராம். அப்பா ரொம்ப நேரம் சிரித்தார்.

கலவரத்துக்கு மூன்று மாதம் முன்னால், 1962 ஜூலை 6-ல் ஃபாக்னர் இறந்துவிட்டார். அந்த இரவில் மார்ஷல்களுக்கு உதவியாக வந்த உள்ளூர் தேசியக் காவல் படைக்குத் தலைமை தாங்கியவர் அவருடைய தம்பி மகன். வீசிய செங்கல்லில் அவருக்குக் கை உடைந்தது. வீட்டின் பின்புறம் ஒரு சின்னக் குடில் உண்டு. அடிமையாகப் பிறந்து, ஃபாக்னரை எடுத்து வளர்த்த கேரலின் பார் வாழ்ந்த இடம். பெரிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் அதையும் பாருங்கள். அப்படியே சதுக்கத்துக்கு அருகில், விடுதலையானவர்கள் தொடங்கிய பர்ன்ஸ் தேவாலயத்தின் பழைய கட்டிடம் இப்போது கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம். அங்கேயும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வராத தொலைநோக்கி

கடைசியாக பார்னார்டு வானாய்வகம். பல்கலைக்கழகத் தலைவர் ஃப்ரெடரிக் பார்னார்டு 1850-களின் கடைசியில் கட்டியது. உலகத்திலேயே பெரிய லென்ஸ் தொலைநோக்கிக்கு, பதினெட்டரை அங்குலத்துக்கு, மாசசூசெட்ஸில் ஆர்டர் கொடுத்தார். அதற்குள் 1861-ல் போர். மாணவர்கள் படையில் சேர்ந்து போய்விட்டார்கள். போனவர்களில் கெட்டிஸ்பர்க் கடைசித் தாக்குதலில் இறங்கியவர்கள் அத்தனை பேரும் செத்தார்கள், காயப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். தொலைநோக்கி ஊர் வந்து சேரவே இல்லை.

பார்னார்டு வீட்டில் ஜேன் என்ற அடிமைப் பெண் இருந்தாள். 1859-ல் பார்னார்டு ஊரில் இல்லாதபோது ஒரு மாணவன் வீட்டுக்குள் புகுந்து அவளைத் தாக்கினான். அவன்தான் என்று ஆசிரியர்கள் நம்பினார்கள். ஆனால் சாட்சி அடிமை. அவள் சொல் வெள்ளையருக்கு எதிராகச் செல்லாது என்று தண்டிக்காமல் விட்டார்கள். பார்னார்டு அவனைத் திரும்பச் சேர்க்க மறுத்தார். அதற்காக, "அடிமை பேச்சைக் கேட்டவர்" என்று அவர் மீதே 1860-ல் விசாரணை! குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். பிறகு நியூயார்க் போய் கொலம்பியாவின் தலைவரானார்; பார்னார்டு கல்லூரி அவர் பெயரில் இருக்கிறது. ஜேனின் முழுப் பெயர்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த நல்ல மனிதருக்கும் அவள் சொத்துதான்.

இதை நான் படித்துச் சொல்ல, அப்பா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "மொத மொதல்ல எனக்கு வேலை கெடச்ச பள்ளிக்கூடத்துல தண்ணிப் பானை ரெண்டு இருந்துச்சு. காலனிப் பசங்களுக்குத் தனி. நான் புதுசு, வேலை போயிடும்னு பயம். ஒரு வருஷம் கண்டுக்காத மாதிரி இருந்தேன். வகுப்புல ஆபிரகாம் லிங்கன் பாடம் நடத்திட்டு வெளிய வந்தா அந்தப் பானை." பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ரெண்டாவது வருஷம் ஒரு நாள் தனிப் பானையில தண்ணி மொண்டு குடிச்சேன். மறுநாள் அதையே எல்லாருக்கும் பொதுவாக்கினோம். ஆனா அந்த மொத வருஷம் படிச்ச பசங்க இருக்காங்க இல்ல?" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அப்பா இதை என்னிடம் சொன்னதே இல்லை.

இருட்டிவிட்டது. கிளம்பும் முன் தெற்கு வானத்தைக் காட்டினேன். ஓரியனின் இடுப்பில் மூன்று நட்சத்திரம், அந்தக் கோட்டையே இடது பக்கம் நீட்டினால் பளிச்சென்று சிரியஸ். இந்த ஊருக்கு வரவேண்டிய அதே லென்ஸை 1862 ஜனவரியில் செய்தவர்கள் சோதித்துப் பார்த்தபோதுதான், சிரியஸின் மங்கலான துணை நட்சத்திரம் முதன்முதலில் கண்ணில் பட்டது. பிறகு சிகாகோக்காரர்கள் லென்ஸை வாங்கிக்கொண்டார்கள். இன்றும் அந்தப் பக்கம் டியர்பார்ன் ஆய்வகத்தில் இருக்கிறது. அந்தத் துணை ஒரு வெள்ளைக் குள்ளன் என்று பிற்பாடு தெரிந்தது. வெள்ளைக் குள்ளன்களின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று 1930-ல் கப்பலில் கணக்குப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த பத்தொன்பது வயசுப் பையன், நம்ம சந்திரசேகர். அவரும் கடைசியில் சிகாகோவில்தான் குடியேறினார், 1983-ல் நோபல்.

"இங்க வந்திருக்க வேண்டியது" என்று அப்பா ஆய்வகக் கூரையைப் பார்த்தார். "ஆமாப்பா" என்றேன்.

அப்பாவை ஊருக்கு அனுப்பிவிட்டு மறுநாள் நூலகம் போனேன். மெரிடித் சிலைப் பக்கம் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. சின்னப் பையன் அம்மாவிடம் யாரென்று கேட்டான். அம்மா தடுமாறினார். வகுப்புக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. நின்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

கொசுறு: வந்தால் பக்கத்து டெய்லர் கிராமத்தில் வறுத்த கெளுத்தி மீன் சாப்பிடாமல் போகாதீங்க. "புளி ஊத்திக் குழம்பு வெச்சிருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்பது அப்பாவின் தீர்ப்பு :-)