நான்கு நாள் அறம்

போர்க்கலம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், அது மூழ்கடித்த கப்பல்களை எண்ணிக் கணக்கெழுதி முடிப்பது வழக்கம். யு-156 என்னும் செருமானிய நீர்மூழ்கிக் கப்பலுக்கும் அத்தகைய கணக்கு உண்டு. ஒன்றரை ஆண்டே பணியாற்றிய அக்கலம் 20 கப்பல்களைக் கடலுக்கு இரையாக்கியது. எனினும் உலகம் அதனை நினைவில் வைத்திருப்பது 1942 செப்டம்பரில் அது மனிதரைக் காத்து நின்ற நான்கு நாள்களுக்காகவே.

பிரேமன் நகரில் கட்டப்பெற்ற அக்கலம் 1941 செப்டம்பர் 4ஆம் நாள் கடற்படைப் பணியில் சேர்ந்தது. தொடக்கம் முதல் இறுதிவரை அதன் தலைவர் வெர்னர் ஹார்ட்டன்ஸ்டைன் ஒருவரே. 1942 பிப்ரவரி 16 அன்று கரிபியன் கடலில் உள்ள அரூபாத் தீவில் எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கியபின், கரையிலிருந்த எண்ணெய் ஆலையைச் சுட முற்பட்டது. பீரங்கி வாயின் மூடியை அகற்ற மறந்தமையால் குழல் வெடித்தது. வீரர் ஒருவர் மாண்டார், அதிகாரி ஒருவர் காலிழந்தார்.

செப்டம்பர் 12 மாலை, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலில், லக்கோனியா என்னும் பிரித்தானியக் கப்பலை அது வீழ்த்தியது. அதில் ஏறத்தாழ 2,700 பேர் இருந்தனர். அவர்களுள் 1,800 பேர் அளவினர் கப்பலின் அடித்தளங்களில் அடைக்கப்பட்டிருந்த இத்தாலியப் போர்க் கைதிகள். பெண்களும் குழந்தைகளும் உடனிருந்தனர். இருளில் எழுந்த இத்தாலிய மொழிக் கூக்குரலைக் கேட்ட பின்னரே, தாம் கொன்றுகொண்டிருப்பது தம் நட்பு நாட்டினரை என்பது ஹார்ட்டன்ஸ்டைனுக்குத் தெரிந்தது. மீட்பு தொடங்கிற்று. ஆனால் அவர் இத்தாலியரை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. பிரித்தானியரையும் போலந்து நாட்டினரையும் ஏற்றிக்கொண்டார். ஏறத்தாழ 200 பேர் கலத்தில் நிறைந்தனர். மேலும் பலர் நிறைந்த படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றார்.

மறுநாள் விடியலில், மறைமொழியின்றி, பகைவரின் ஆங்கிலத்திலேயே வானொலிச் செய்தி விடுத்தார். தம் இருப்பிடத்தைத் தெரிவித்து, தம்மைத் தாக்காதவரையில் உதவிக்கு வரும் எக்கப்பலையும் தாக்குவதில்லை என உறுதி கூறினார். மறைந்திருத்தலையே கவசமாகக் கொண்ட கலம், பிறர் உயிருக்காக அக்கவசத்தைக் கழற்றிய கணம் அது. தலைமைத் தளபதி டோனிட்ஸ் மீட்புக்கு இசைந்து வேறு நீர்மூழ்கிகளையும் அனுப்பினார்.

செப்டம்பர் 16 அன்று அமெரிக்க வானூர்தி ஒன்று தலைக்குமேல் வந்தது. ஹார்ட்டன்ஸ்டைன் செஞ்சிலுவைக் கொடியை விரித்துக் காட்டினார். அசென்ஷன் தீவுத் தளத்திலிருந்து தாக்கும்படி ஆணை வந்தது, குண்டுகள் விழுந்தன. படகிலிருந்தோர் சிலர் மாண்டனர். மீட்டவர்களைக் கடலில் விட்டுவிட்டுச் சேதமுற்ற கலம் நீருள் மூழ்கியது. பின்னர்ப் பிரெஞ்சுக் கப்பல்கள் பலரைக் காத்தன. ஆயினும் 1,600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் இத்தாலியக் கைதிகள்.

செப்டம்பர் 17இல் டோனிட்ஸ் புதிய ஆணை பிறப்பித்தார்: மூழ்கிய கப்பலின் மாந்தரை இனி எவரும் மீட்கலாகாது. அதே நாளில் ஹார்ட்டன்ஸ்டைனுக்கு உயரிய வீரப்பதக்கமும் வழங்கப்பெற்றது. 1946இல் நூரம்பர்க் நீதிமன்றம் இத்தகைய ஆணைகளின் தெளிவின்மையைக் கடுமையாகக் கண்டித்தது. ஆயினும் பசிபிக் கடலில் அமெரிக்காவும் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரே நடத்தியது என்பதையும் கருத்திற்கொண்டு, அவருக்கு விதித்த பத்தாண்டுச் சிறையைக் கடற்போர் விதிமீறல்களின் அடிப்படையில் கணக்கிடவில்லை.

1943 மார்ச் 8 அன்று பார்படோசுக்குக் கிழக்கே அமெரிக்க வானூர்தி யு-156ஐ மூழ்கடித்தது. அதிலிருந்த 53 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஹார்ட்டன்ஸ்டைனை அறவோர் என்று போற்றுவதற்கில்லை. நீரில் தத்தளித்தோரை அந்நிலைக்கு ஆளாக்கியது அவர் ஏவிய குண்டே. அவரைக் கொடியவர் என்று ஒதுக்குவதற்கும் இல்லை. சொல்லைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அக்கலம் இரண்டு வாசகங்களை விட்டுச் சென்றுள்ளது. 13ஆம் நாள் விடுத்த வாசகம் பகைவனையும் உதவிக்கு அழைத்தது. 17ஆம் நாளின் வாசகம் நீட்டிய கையை மடக்கச் சொன்னது. இடைப்பட்ட நான்கு நாள்களில், இரக்கம் காட்டினால் இறக்க நேரும் என்ற பாடத்தைப் போர் இரு தரப்பாருக்கும் கற்பித்துவிட்டது. போரின் பெருங்கேடு அப்பாடமே.