உண்ணிதான் குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1957 மார்ச். அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுகின்றன என்று புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்துக்குத் தகவல் போகிறது. பக்கத்து கிராமங்களில் மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல். சிலருக்கு ரத்தக்கசிவு.

முதல் சந்தேகம் மஞ்சள் காய்ச்சல் மேல். தென் அமெரிக்காவில் குரங்குகளைக் கொல்லும் நோய் அது. ஆசியாவில் பரவியதே இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான் நம்ம ஊர்ல ஏராளமா இருக்கே! பதற்றம் நியாயமானதுதான்.

பிரித்தெடுத்த வைரஸைச் சோதித்தபோது வேறு கதை. ரஷ்யக் காடுகளில் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு வைரஸின் நெருங்கிய உறவுக்காரன் அது. அந்த ரஷ்ய வைரஸைப் பரப்புவது கொசு இல்லை, உண்ணி. தேடல் உண்ணிகள் பக்கம் திரும்பியது.

இங்கேதான் எனக்குப் பிடிச்ச இடம் வருது. செத்த குரங்கின் மேலிருந்து எடுத்த உண்ணியில் வைரஸ் இருந்தால் அது எதையும் நிரூபிக்காது. குடிச்ச ரத்தத்திலேயே வைரஸ் இருந்திருக்கும் இல்லையா? அதனால் காட்டுத் தரையில் துணியை இழுத்துக்கொண்டே போய், இரைக்காகக் காத்திருந்து அதில் ஒட்டிக்கொள்ளும் பசித்த உண்ணிகளையும் சேகரிக்க வேண்டும். இனவாரியாகப் பிரித்து, பல உண்ணிகளை ஒன்றாக அரைத்து, பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளின் மூளையில் செலுத்துவார்கள். குட்டி நோயுற்றால், அந்தக் கூட்டத்தில் ஒரு உண்ணியிலாவது வைரஸ் இருந்திருக்கிறது என்று அர்த்தம். ஆபத்தான வேலை, ஆய்வகப் பணியாளர்கள் பலருக்கே இந்தக் காய்ச்சல் தொற்றியது.

இப்படிச் சிக்கியதில் முக்கியமான இனம் ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா. இதன் வாழ்க்கை தெரிஞ்சா நோயின் போக்கு புரியும். குஞ்சுப் பருவத்தில் நோயுள்ள விலங்கைக் கடித்து வைரஸை வாங்குகிறது. கீழே விழுந்து தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வந்தாலும் வைரஸ் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. அந்த இளம் உண்ணிதான் மனிதனைக் கடிக்கிறது. அவை பெருகுவது டிசம்பர் முதல் மே வரை, அதாவது ஜனங்கள் விறகுக்கும் சருகுக்கும் காட்டுக்குள் போகும் காலம். வளர்ந்த உண்ணிக்கு மாடுகள் தீனி. காட்டில் மேயும் மாடுகள் கூடினால் உண்ணியும் கூடும்.

இன்று எலிக்குட்டிக்குப் பதில் பிசிஆர் இருக்கிறது, சில மணி நேரத்தில் விடை. ஆனா உண்ணியைப் பிடிக்க இன்னமும் துணியைத்தான் இழுக்கணும்.

இது கர்நாடகத்தோடு நின்ற கதையும் இல்லை. 2012–13இல் பந்திப்பூரில் நோய் தென்பட்டபோது, ஒட்டியுள்ள நீலகிரி, வயநாடு காடுகளிலும் வைரஸ் இருப்பது தெரியவந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் செத்த குரங்கைப் பார்த்தால் கிட்டே போகாதீங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க. குரங்கு செத்ததும் அதன் மேலிருக்கும் உண்ணிகள் கீழே இறங்கிவிடும். நீங்க நிற்கும் சருகுக்குள்தான் அவை இருக்கும்.